பொட்டு ஒட்டிய கேமரா

எர்ணாவூர் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போதுதான் பாரி அதைக் கவனித்தான். முன்கண்ணாடியின் உச்சியில் பொருத்தியிருந்த உள்ளங்கை அளவுத் திரையின் வலது பாதியிலும் படம் தெரிந்தது. தெரிந்திருக்கக் கூடாது.

அந்தத் திரையின் இடது பாதியில் வண்டிக்கு முன்னால் உள்ள சாலை தெரியும். வலது பாதியில் பின் சீட்டு தெரிய வேண்டும். ஆனால் பின் சீட்டைப் பார்க்கும் லென்ஸின் மேல் பாரியே இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டிருந்தான். அன்றிலிருந்து வலது பாதி வெறும் கறுப்புதான். இன்று மதியம் ஸ்டேஷன் வாசலில் ரோந்து வண்டியை எடுத்தபோதும் கறுப்பாகத்தான் இருந்தது. இப்போது அதில் பழுப்பு ரெக்சின் சீட்டின் ஒரு பக்கமும், பின் கதவின் கண்ணாடியும், கண்ணாடி வழியாகச் சாய்ந்து விழும் மஞ்சள் வெயிலும் தெரிந்தன.

வெளியே வெயிலே இல்லை. காலையிலிருந்து எண்ணூர் மேல் மேகம் கவிந்து கிடந்தது. மழையும் வராமல் காற்றும் அசையாமல், புகைக்கூண்டுகளின் சாம்பல் வாடையும் குப்பத்தில் காயப்போட்ட கருவாட்டு வாடையும் லாரிகளின் டீசல் புகையும் ஒன்றாகச் சேர்ந்து ரோட்டின் மேலேயே தங்கியிருந்தன. பாரி தலையைத் திருப்பிப் பின் சீட்டைப் பார்த்தான். மங்கலான வெளிச்சத்தில் சீட்டு காலியாக இருந்தது. திரையில் மட்டும் வெயில் அடித்தது.

மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டான். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கையை உயர்த்தி லென்ஸைத் தடவினான். பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தான். உடனே திரையில் வெயில் போய், மேகமூட்டமும் காலி சீட்டுமாக உள்ளது உள்ளபடி தெரிந்தது. பொட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல், பழக்கத்தில் கை தானாகப் போய் லென்ஸிலேயே மறுபடி ஒட்டியது. வெயில் திரும்ப வந்தது. இரண்டு நிமிடம் யோசித்தால் பயம் வந்துவிடும் போலிருந்ததால் அவன் யோசிக்காமல் கியரை மாற்றினான்.

கேமராவை மாட்டியவன் ஜுபைர். கல்மண்டபத்தில் கடை. கால் டாக்ஸிகளுக்கும் ஸ்கூல் வேன்களுக்கும் கேமரா மாட்டிக்கொண்டிருந்தவனுக்குப் போலீஸ் வண்டி வேலை கிடைத்ததில் அப்படி ஒரு பெருமை. மாட்டி முடித்த அன்று வண்டிக்குள் உட்கார்ந்து பாரிக்கு ஒவ்வொன்றாக விளக்கினான்.

"பாரிண்ணே, முன்னால ஒரு கண்ணு, பின்னால ஒரு கண்ணு. மேல சுத்துற லைட்ட போட்டீன்னா தானா ஆரம்பிச்சுடும். இல்லாட்டி தோ இந்த செவப்பு பட்டன அமுக்கு. நீ அமுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிசம் இன்னா நடந்துச்சோ, அதையும் சேத்துப் புடிச்சி வெச்சிக்கும்."

"அமுக்கறதுக்கு முன்னாடி நடந்தது அதுக்கு எப்டிறா தெரியும்?"

"அது எப்பவும் பாத்துக்கினேதான் கீதுண்ணே. நீ அமுக்கினா எழுதி வெச்சிக்கும். அவ்ளோதான்."

இந்தப் பதில் எந்த டிரைவருக்கும் பிடிக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவன் அதிலேயே சாப்பிடுவான், ஷூவைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டுவான், அரை மணி நேரம் கண்ணயர்வான். இதையெல்லாம் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி? ஆளுக்கொரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். ஒருவன் சூயிங்கம் ஒட்டினான், இன்னொருவன் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி. பாரி தன் மனைவி சங்கமித்ராவின் அட்டையிலிருந்து அரக்கு நிறப் பொட்டு ஒன்றை எடுத்து வந்தான், லென்ஸுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அட்டையில் ஒன்று குறைவதைப் பார்த்து அவள், "யாருக்கு வெச்சி வுட்ட?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். இவன் சொன்னதைக் கேட்டு அரை நாள் சிரித்தாள்.

போன் அடித்தது. சப் இன்ஸ்பெக்டர் திருமுருகன்.

"எங்கய்யா இருக்க?"

"எர்ணாவூர் தாண்டிட்டேங்கய்யா."

"அஞ்சு மணிக்குள்ள ஜுபைர் கடைல இரு. பழைய டிஸ்க்கக் கழட்டி என் கையில குடுக்கச் சொல்லு, அவன்கிட்ட பேசிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்குப் பெட்டிய மாஜிஸ்திரேட் முன்னால வைக்கணும். புது டிஸ்க்கோடதான் அது போகணும். புரியுதா?"

"புரியுதுங்கய்யா."

"நீ பொட்டு ஒட்டினது படத்துக்கு. மைக்குக்கு எதையும் ஒட்டலியே!" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. லைன் துண்டானது.

அதுதான் விஷயம். டிரைவர் சீட்டுக்கு அடியில் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் ஒரு டிஸ்க் இருக்கிறது. அதில் நாற்பத்தேழு நிமிடத்துக்கு வெறும் கறுப்புப் படம். படம் இல்லையே தவிர சத்தம் இருக்கிறது. யாரும் இன்னும் கேட்கவில்லை. நாளைக்கு யாராவது கேட்டால் திருமுருகனுக்கும் பாரிக்கும் வேலை போகும், ஜெயிலும் உண்டு.

இருபத்து மூன்று நாளைக்கு முன்னால், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது நடந்தது அது. கன்டெய்னர்களைப் பிணைக்கும் இரும்பு லாக்குகள் சில யார்டிலிருந்து காணாமல் போயின என்று ஒரு வாய்மொழிப் புகார். அங்கே கன்டெய்னர்களைக் கட்டும் வேலை பார்த்த பீம்ராவ் என்பவரை விசாரிக்கக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எந்த ரெஜிஸ்டரிலும் அவர் பேர் ஏறவில்லை. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வீடு, நாற்பது வயது, கையில் ஒரு காகிதப் பொட்டலம் நிறையக் கொடுக்காப்புளி. மகளுக்கு என்றார். வழியில், சுழல் விளக்கைப் போட்டும், டிரெய்லர் வரிசையில் வண்டி மாட்டிக்கொண்டது. சாயங்காலம் வரைக்கும் நகராது என்று தெரிந்ததும் திருமுருகன், வாய்யா டீ அடிப்போம் என்று இறங்கினார். பாரி முன் கண்ணாடிகளை ஏற்றினான், இன்ஜினை அணைத்தான், சாவியை எடுத்தான்.

பின் கதவுகள் உள்ளேயிருந்து திறக்காது. குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதென்று கம்பெனிக்காரன் வைத்த பூட்டு, போலீஸ் வண்டியில் வேறு வேலைக்குப் பயன்படுகிறது. வெளியிலிருந்து சாவி போட்டுப் பூட்டினால் முன் கதவுகளும் உள்ளேயிருந்து திறக்காது. பின் கண்ணாடிகளைச் சுற்றி இறக்கும் கைப்பிடியையும் பாரி எப்போதோ கழற்றி டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவிட்டிருந்தான். பிடித்து வருகிற ஆட்கள் வெளியே எச்சில் துப்பி வண்டியைக் கலீஜாக்குகிறார்கள் என்று அப்படிச் செய்தான்.

"அண்ணே, கண்ணாடியாச்சும் கொஞ்சம் எறக்கி வுட்டுப் போண்ணே. மூச்சு முட்டுது," என்றார் பீம்ராவ்.

"கம்முனு கெட. தோ, லைன் நவுந்துடும்," என்றான் பாரி.

டீக்கடை வரைக்கும் தட்டல் சத்தம் கேட்டது. லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே யாரோ தூரத்தில் பலகையைத் தட்டுவது போல லேசாகத்தான் கேட்டது. "நடிக்கிறான்யா" என்றார் திருமுருகன். பாரி வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தான், டீயை ஊதிக் குடித்தான். திரும்பிப் போய்க் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து வந்த சூடு அடுப்பு மூடியைத் திறந்தாற்போல முகத்தில் அறைந்தது. சீட்டெல்லாம் கொடுக்காப்புளி சிதறிக் கிடந்தது, அதன் நடுவே பீம்ராவ் மூச்சில்லாமல் கிடந்தார். நாற்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் எழுதிக் கொடுத்த அறிக்கையில் பாரி அதை ஏழு நிமிடமாக்கினான். கண்ணாடி இறக்கியிருந்தது, நெஞ்சு வலி என்றார், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம் என்று எழுதினான்.

பீம்ராவின் மனைவி அன்புக்கரசி மறுநாளிலிருந்து ஸ்டேஷனுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மகளோடு வந்து நிற்க ஆரம்பித்தாள். சத்தம் போடவில்லை. ஒரே ஒரு தடவை பாரியிடம் வந்து, "அண்ணே, தண்ணி கேட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். இல்லம்மா என்றான் பாரி. அந்த 'இல்லம்மா'வுக்காக அவன் வெட்கப்பட்டான், உண்மையிலேயே வெட்கப்பட்டான். ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரியதாக இருந்தது.

திருவொற்றியூரைத் தொடுவதற்கு முன்பே வரிசை தொடங்கிவிட்டது. துறைமுக கேட்டுக்குப் போகும் டிரெய்லர்கள் இரண்டு வரிசையாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் நின்றன. ஒரு பக்கம் கடலைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், மறு பக்கம் குடோன் சுவர். இந்த ரோட்டில் ஓட்டுகிற யாருக்கும் ஒன்று தெரியும்: இரண்டு டிரெய்லர் வரிசைக்கு நடுவில் சின்ன வண்டியை விடவே கூடாது. மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே கார் இருப்பதே தெரியாது. ஆனால் போலீஸ் டிரைவர்கள் விடுவார்கள். சைரன் போட்டால் வழி கிடைக்கும் என்பது அவர்கள் பழக்கம், பாதி நாள் கிடைக்கவும் செய்யும். மணி மூன்றரை. ஐந்துக்குள் போக வேண்டும். பாரி மேலே சுழலும் விளக்கைப் போட்டான், சைரனை அலறவிட்டான், நடுவில் புகுந்தான்.

திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. பதிவு ஆரம்பித்துவிட்டது. விளக்கைப் போட்டால் தானாக ஆரம்பிக்கும் என்று ஜுபைர் சொன்னது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

இருநூறு அடி போயிருப்பான். முன்னால் ஒரு டிரெய்லர் திரும்ப முயன்று குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் இன்னொன்று மூக்கை நுழைத்துக்கொண்டது. இடது பக்கம் நீலக் கன்டெய்னர், வலது பக்கம் துருப்பிடித்த சிவப்புக் கன்டெய்னர், இரண்டும் கதவுக்கு நான்கு விரல் தூரத்தில். பாரி தன் பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்தான். 'டங்' என்று இரும்பில் இடித்து நின்றது. அந்த இடைவெளியில் கை போகும், தோள் போகாது. மறுபக்கக் கதவும் அப்படியே. முன்கண்ணாடிக்கு வெளியே கல்வீச்சைத் தடுக்கப் போட்ட இரும்பு வலை.

போனை எடுத்தான். போன் அடுப்பில் வைத்தது போலச் சுட்டது. சூடு அதிகமாகிவிட்டது, ஆற வேண்டும் என்று அதன் திரையில் ஒரு வரி வந்தது. பிறகு அணைந்துவிட்டது. இந்த மேகமூட்டத்தில் எப்படி இவ்வளவு சூடு என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் ஒரு முறை குலுங்கி நின்றது. ஏசி நின்றது. சைரன் ஒரு நீண்ட முனகலாக இறங்கி அடங்கியது. சாவியைத் திருப்பினான். ஒன்றுமில்லை. பவர் கண்ணாடி பட்டனை அமுக்கினான். ஒன்றுமில்லை. ஹாரனைக் குத்தினான், அதுவும் ஊமை. திரை மட்டும் எரிந்தது. அந்தப் பெட்டிக்குத் தனி பேட்டரி உண்டு.

பின்பக்கம் நீலக் கன்டெய்னர் முடிந்து அடுத்த டிரெய்லர் தொடங்கும் இடத்தில் ஓர் ஆள் நுழையும் அளவு சந்து இருந்தது. அந்தச் சந்து வழியாக ரோட்டோரம் தெரிந்தது. பச்சைத் தார்ப்பாய் போட்ட ஒரு டீக்கடை. பாய்லரில் ஆவி. வாசலில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். இது அதே இடம்.

"எல்லாம் தற்செயல். இந்த ரோட்ல நின்னா இந்த டீக்கடதான் தெரியும்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது.

அப்போது அந்த வாடை வந்தது. இரும்புத் துருவும் கிரீஸும் வியர்வையும் கலந்த, யார்டில் கட்டு வேலை செய்கிறவர்களின் சட்டை வாடை. அதற்கு அடியில் லேசான துவர்ப்பாக, பிரித்த கொடுக்காப்புளியின் வாடை. வண்டியை மூன்று தடவை ஃபினாயில் போட்டுக் கழுவியிருந்தார்கள். நேற்றுகூட சீட்டு இடுக்கிலிருந்து ஒரு கறுப்பு விதையை அவனே நெம்பி எடுத்து எறிந்தான்.

திரையைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தான். பார்த்தான்.

வெயில் இப்போது சீட்டின் நடுவுக்கு வந்திருந்தது. அந்த வெயிலில் இரண்டு முழங்கால்கள். கிரீஸ் கறை படிந்த நீல பேன்ட். முழங்கால்களின் மேல் ஒரு காகிதப் பொட்டலம்.

திரும்பிப் பார்த்தான். சீட்டு காலி.

கையை உயர்த்திப் பொட்டைப் பிய்த்தான். பாலத்தில் இறங்கும்போது உள்ளது உள்ளபடி தெரிந்ததே, அதுபோல இப்போதும் தெரியும், காலி சீட்டு தெரியும், மேகம் தெரியும். தெரியவில்லை. முழங்கால்கள் அங்கேயே இருந்தன. பொட்டை எடுத்தும் அவை போகவில்லை.

திரையின் மூலையில் நேரம் ஓடியது. மூன்று முப்பத்தாறு.

அன்றைக்கு இறங்கி வண்டியைப் பூட்டியது மூன்று நாற்பத்திரண்டுக்கு. அறிக்கைக்காக அவன் அந்த நேரத்தை நூறு தடவை யோசித்திருக்கிறான். மறக்காது.

டொக்.

பின்னாலிருந்து. கண்ணாடியில்.

டொக். டொக்.

மெதுவாக, மரியாதையாக. தொந்தரவு செய்ய விரும்பாதவர் தட்டுவது போல. ரியர்வியூ கண்ணாடியில் யாரும் இல்லை. திரையில் ஒரு கை கண்ணாடிமேல் விரிந்து பதிந்திருந்தது. வெயிலில் விரல்களின் ஓரம் சிவப்பாகத் தெரிந்தது.

"யார்ரா?" என்றான் பாரி. பிறகு, ஏன் என்று தெரியாமல், "இன்னா வேணும்?" என்றான்.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வியர்வை இமைகளில் இறங்கியது. மூச்சை இழுத்தால் காற்று வரவில்லை, சூடுதான் வந்தது. வெளியே போக வேண்டும். ஜுபைர் கடை, டிஸ்க், மாஜிஸ்திரேட் எல்லாம் எப்படியாவது போகட்டும். முதலில் வெளியே.

ஒரு வழி இருந்தது. பின் சீட்டின் இடது கதவுக்கு நேரேதான் அந்தச் சந்து. கதவு உள்ளேயிருந்து திறக்காது, ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டால் கையை வெளியே விட்டுக் கைப்பிடியை இழுக்கலாம். கண்ணாடி இறக்கும் கைப்பிடி டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியைத் திறந்தான். இருந்தது. கையை நீட்டினால் எட்டுகிற தூரம். அன்றைக்கும் இதே தூரம்தான். கையை நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். அழுகை வந்தது பாரிக்கு. அழ நேரமில்லை.

பின் சீட்டுக்குப் போக வேண்டும். அந்தக் கை இருக்கிற இடத்துக்கு.

திரும்பிப் பார்த்தான். சீட்டு காலி. திரையைப் பார்த்தான். அதிலும் இப்போது காலி. முழங்கால் இல்லை, கை இல்லை, வெயில் மட்டும். மூன்று முப்பத்தொன்பது. யாரோ எழுந்து இடம் விட்ட மாதிரி இருந்தது.

இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே உடம்பை நுழைத்தான். பெல்ட் மாட்டிக்கொண்டது, உதறினான். ஷூ கியர் கம்பியில் இடித்தது. பின் சீட்டில் முகம் குப்புற விழுந்தான். ரெக்சின் தகித்தது. கன்னம் பொரிந்தது. எழுந்து உட்கார்ந்தான்.

வெயில்.

பின் கண்ணாடி முழுக்க வெயில். கத்திரி வெயில். முன்னால், டிரைவர் சீட்டுப் பக்கம் பார்த்தால் அங்கே மேகமூட்டத்தின் சாம்பல் நிறம். இங்கே மட்டும் மஞ்சளாக, கண் கூசும்படி அடித்தது.

கைப்பிடியைக் கதவில் இருந்த முனையில் பொருத்தினான். சுற்றினான். வழுக்கியது. மறுபடி பொருத்தினான். சுற்றினான். பிடிக்கவில்லை. மறுபடி.

டக் என்று ஒரு சத்தம். முன்னால். டேஷ்போர்டு பெட்டி மூடும் சத்தம்.

பாரி தன் கையைப் பார்த்தான். வெறும் கை.

நிமிரவே பயமாக இருந்தது. நிமிர்ந்தான். டிரைவர் சீட்டில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டையின் தோள். ஒட்ட வெட்டிய பின்னந்தலை. இடது காதுக்குப் பின்னால் ஒரு மரு. அந்த மருவைப் பாரி கண்ணால் பார்த்ததில்லை. சங்கமித்ரா விரலால் தொட்டுக் கேலி செய்வாள், அதனால் தெரியும்.

தொண்டையில் ஈரமே இல்லை. கத்த நினைத்தான். வாயிலிருந்து வந்தது வேறு.

"அண்ணே, கண்ணாடியாச்சும் கொஞ்சம்..."

முன்னால் இருந்தவன் திரும்பவில்லை. இன்ஜினை அணைத்தான். சாவியை உருவினான்.

"கம்முனு கெட," என்றான், பாரியின் குரலில். "தோ, லைன் நவுந்துடும்."

அவன் பின் லென்ஸை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். வலது கையை உயர்த்தினான். கட்டைவிரல் நுனியில் அரக்கு நிறப் பொட்டு. கையில் பாரியின் கடிகாரம். நிதானமாக, குழந்தைக்குப் பொட்டு வைப்பது போல, லென்ஸின் நடுவில் வைத்து அழுத்தினான். திரையின் வலது பாதி கறுப்பானது.

நான்கு விரலுக்கு மேல் திறக்காத கதவு அவனுக்கு முழுதாகத் திறந்தது. இறங்கினான். சாத்தினான். நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் சத்தம்.

மூன்று நாற்பத்திரண்டு.

பாரி கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். சந்து வழியாக அவன் நடந்து போனான். தன் நடையை முதுகுப் பக்கமிருந்து பார்க்க அசிங்கமாக இருந்தது. பச்சைத் தார்ப்பாய்க்கு அடியில் திருமுருகன் ஏற்கெனவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கிளாஸ் டீ வந்தது.

மடியில் ஏதோ கனத்தது. குனிந்தான். காகிதப் பொட்டலம். கீழே நீல பேன்ட், கிரீஸ் கறை.

தட்டினான். இரண்டு கையாலும் தட்டினான். காலால் உதைத்தான். தண்ணி என்று கத்தினான், தண்ணி, தண்ணி. பொட்டலம் பிரிந்து கொடுக்காப்புளி சீட்டெல்லாம் சிதறியது. இங்கே காது கிழிகிற இந்தச் சத்தம் டீக்கடைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று அவனுக்குத் தெரியும். யாரோ தூரத்தில் பலகையைத் தட்டுவது போல. சங்கமித்ரா வந்து கேட்பாள், தண்ணி கேட்டாரா என்று. அவளுக்கு என்ன பதில் கிடைக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

டீக்கடையில் திருமுருகன் என்னவோ சொன்னார். ஒரு வார்த்தைதான். உதட்டைப் பார்த்தே தெரிந்தது.

காக்கிச் சட்டைக்காரன் ஸ்டூலிலிருந்து வண்டிப் பக்கம் திரும்பினான். பாரியின் முகம். அது சிரித்தது. டீயை ஊதியது, ஒரு வாய் குடித்தது, மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

திரையின் கறுப்பில் சிவப்புப் புள்ளி மட்டும் எரிந்தது. பக்கத்தில் நேரம். மூன்று நாற்பத்து மூன்று.